நாற்பத்தோராம் பக்கத்துக் காக்கைக்கால்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா சேவுகப்பெருமாள் அவர்களே, நம் பழைய வீடுகளைப் பற்றிய இந்தப் புத்தகத்தைத் தொகுத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, இந்த ஊரின் கல்லையும் மரத்தையும் சுமந்த தோள்களே, உங்கள் அனைவருக்கும் ராஜப்ரியாவின் வணக்கம்!

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பேருந்தில் இறங்கும் இடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். அப்படிப்பட்டவளை இங்கே பேச வைத்தது எது? இந்தப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம்!

தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தார்கள். தச்சரான என் அப்பாவோடு நானும் வேலைக்குப் போனேன். இறக்கிய ஒவ்வொரு மரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். தேக்குத் தூணின் உச்சியில், காக்கைக்கால் போல மூன்று வெட்டு. அப்பா தடவிப் பார்த்தார். "இது நம்ம பூட்டன் ஆண்டியப்ப ஆசாரி போட்ட வெட்டும்மா. நானும் இதத்தான் போடுறேன்" என்றார். சேர வேண்டிய இரண்டு மரங்கள் மாறிவிடாமல் இருக்கத் தச்சர் போடும் அடையாளம் அது.

புத்தகத்தில் நான் எடுத்த அந்தத் தூணின் படம் இருக்கிறது. கீழே என்ன எழுதியிருக்கிறார்கள்? 'ரங்கூன் மரக்கடை முத்திரை'!

அதே வீட்டு மாட்டுக்கொட்டகையின் வேப்பங்கட்டையிலும் அதே வெட்டு. அந்தப் படத்தையும் கொடுத்தேன். அழகில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கேட்கிறேன், அந்த வேம்பு எந்தக் கப்பலில் வந்தது?

அங்குட்டுக் கைதட்டும் அண்ணன்மார்களே, பொறுங்கள். பேச்சை நடுவில் நிறுத்தினால் பயந்துபோய் உட்கார்ந்துவிடுவேன்.

போன வாரமே தலைவர் ஐயாவிடம் சொன்னேன். "அச்சாகிப்போச்சு ஆத்தா. ஒத்த வரிதான, யாரு பாக்கப்போறாக?" என்றார்.

நான் பார்க்கிறேன், ஐயா! என் அப்பா பார்க்கிறார். குடியிருந்தவர்களின் வம்சத்துக்கு நான்கு பக்கம் கொடுத்தீர்கள், மகிழ்ச்சி. கட்டியவனுக்கு ஒரு வரி கிடையாதா? இருந்த ஒரு வரியையும் கடல் தாண்டிக் கொடுப்பதா?

தாய்மார்களே, உங்கள் வீட்டுச் சுவரைப் படம் எடுங்கள். எடுத்ததோடு விடாதீர்கள், யார் கட்டியது, யார் பூசியது, எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டால் எவரோ ஒருவர் தமக்குத் தோன்றியதை எழுதுவார்!

ஐயா, எனக்கென்று வாங்கிய பொன்னாடை மடித்தபடியே இருக்கட்டும். 'இது ஆண்டியப்ப ஆசாரியின் வெட்டு' என்று முந்நூறு சீட்டு எழுதி வந்திருக்கிறேன். பசையும் இருக்கிறது. வாசலில் உட்காரப் போகிறேன். வாசலில் கூடாது என்றால் தெருவில் உட்காருவேன். புத்தகம் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுங்கள், ஒட்டித் தருகிறேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. கோபித்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்!