சரி, அடுத்தது

அந்த எமர்ஜென்சி லைட்டை அணைச்சிடுங்க. அப்புறம் உதவும். கரண்ட் இப்போதைக்கு வராது... டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச சத்தம் எல்லாரும்தான் கேட்டோமே. படியில நெருக்கி உட்காருங்க. மூணாவது மாடி அக்கா, நீங்களும் வாங்க. நேத்துலேருந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறீங்க. கோபம் வராதா பின்ன? ஒரு மாசமா பாடிப் பழகினவங்களை, நம்ம ஃபிளாட் விழாவுல ரெண்டு வரியிலேயே இறக்கி விட்டுட்டு, செயலாளர் மைக்கைப் பிடிச்சுத் தண்ணித் தொட்டி கழுவினதைப் பத்தி அரை மணி நேரம் பேசினா எனக்கே பத்திக்கிட்டு வருது. உங்க வீட்டுச் சார்கூடச் சொன்னாரே, "விடியக்காலையில எழுந்து பாடிப் பாடி என் தூக்கத்தைக் கெடுத்தா, கடைசியில இதுக்குத்தானா"ன்னு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு விஷயம் மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு.

கதை இல்லைங்க. என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு நடந்தது. அவரை நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். நடுவுல யாரும் பேசக்கூடாது. ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க விடாம வெட்டுறதுதான் இங்க எல்லாத்துக்கும் ஆரம்பமே.

மணி ஒன்பது இருக்கும். ஒரு யுனிவர்சிட்டி. பெரிய ஹால்லேருந்து பொண்ணுங்க ஹாஸ்டலுக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் மரம். ஒரு லைட் எரிஞ்சா அடுத்த ரெண்டு எரியாது. ஈ காக்கா கிடையாது. அந்த ரோட்டுல... அம்பதைத் தாண்டின மனுஷன் ஒருத்தர் தொப்பை குலுங்க ஓடுறாரு. கழுத்துல ஹெட்போன். அதோட ஒயர் தரையில இழுபடுது... சர்ர்... சர்ர்...னு. ஓடிக்கிட்டே கத்துறாரு. "பாடும்மா! நடக்கும்போதே பாடு! நிறுத்தாம பாடு!"

அவர்தான் எங்க அண்ணன். அவரு ஏன் ஓடினாருன்னு தெரியணும்னா மத்தியானத்துலேருந்து வரணும்.

அண்ணனுக்கு அந்த ஹால்ல மைக்கு செட்டு வேலை. நாற்காலிக்கெல்லாம் பின்னாடி, கண்ணாடி போட்ட ஒரு சின்ன ரூம். அதுக்குள்ள அவரோட போர்டு. ஒவ்வொரு மைக்குக்கும் போர்டுல ஒரு வரிசை. மேலயும் கீழயும் தள்ளுற ஒரு கட்டை, அதுக்குக் கீழ ஒரு குட்டிப் பச்சை லைட்டு. மைக்குக்குள்ள சத்தம் போனா அந்த லைட்டு துடிக்கும். போகலைன்னா அணைஞ்சு கிடக்கும். அவ்வளவுதான். எனக்கே புரிஞ்சுது, உங்களுக்குப் புரியாதா.

அங்க வருஷா வருஷம் ஒரு விழா. பன்முகப் பண்பாட்டு நாள். எங்கெங்கேருந்தோ வந்து படிக்கிற பசங்க, அவங்கவங்க பாஷையில பாடுறது, ஆடுறது, கதை சொல்றது. கேக்கவே நல்லா இருக்குல்ல? அண்ணனும் முதல் வருஷம் அப்படித்தான் நினைச்சாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது. அதை நடத்துற மேடம் ஒருத்தங்க. எப்பவும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பேசுவாங்க. அவங்க கணக்கு என்னன்னா, ஒரு பண்பாட்டுக்கு ரெண்டு நிமிஷம். ஆயிரம் வருஷத்துப் பாட்டா இருந்தாலும் ரெண்டு நிமிஷம். கூட்டமா வர்றவங்க முன்னாடி. ஆள் குறைய குறைய பின்னாடி. பேச்சு நீண்டுபோச்சுன்னா... வாலை நறுக்கிடுவாங்க. எந்த வருஷமும் பேச்சு நீளாம இருந்ததில்ல.

அந்த வருஷம் வால்ல நின்னது ஒரே ஒரு பொண்ணு. அவ பாஷை பேசுறவங்க அந்த யுனிவர்சிட்டியிலேயே வேற யாரும் இல்ல. கடைசி வருஷப் படிப்பு. நம்ம பேச்சை அரைகுறையாத்தான் பேசுவா, ஆனா "அண்ணா"ன்னு கூப்பிட மட்டும் அழகாக் கத்துக்கிட்டிருந்தா. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் அவதான் கடைசி. ரெண்டு வருஷமும் நறுக்கியாச்சு.

மத்தியானம் மைக்கு சரிபார்க்கிறாங்க. ஒவ்வொரு குழுவா மேடைக்கு வந்து ஒரு வரி பாடணும். அண்ணன் பின்னாடி ரூம்லேருந்து, "சரி, அடுத்தது" அப்படிம்பாரு. இருபது வருஷ வாய்ப்பழக்கம். வீட்டுல தோசை வெச்சாக்கூட சாப்பிட்டுட்டு "சரி, அடுத்தது"ன்னு தட்டை நீட்டுவாரு, என் நாத்தனார் கரண்டியைக் காட்டுவா.

கடைசியா அந்தப் பொண்ணு வந்தா. ஒரு வரிதான் பாடணும். கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சவ... நிறுத்தவே இல்ல. அண்ணனும் "சரி, அடுத்தது" சொல்ல மறந்துட்டாரு. ஒண்ணும் புரியாத பாஷை. ஆனா கேட்டா முதுகுத்தண்டு சிலிர்க்குதாம். முடிச்சிட்டு அவளே சொன்னா. "அம்மா பாட்டு அண்ணா. சின்னப் பிள்ளையில, வெந்நீர் வெச்சு எனக்குத் தலைக்கு ஊத்தும்போது பாடுவாங்க. ஈர விறகு. புகையில கண்ணு எரியும். நான் அழாம இருக்கப் பாடுவாங்க." அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. "விழா நடக்கும்போது எங்க ஊர்ல நடுராத்திரி. ஆனா அம்மா முழிச்சிருப்பாங்க. போன்ல பார்ப்பாங்க. புதுத் துணி போட்டுக்கிட்டு உட்காருவாங்களாம்."

அண்ணன் அவகிட்ட, "இந்த வருஷம் நீ பாடுற. நான் பார்த்துக்கிறேன்"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு. பாவி மனுஷன். போர்டுல கட்டையைத் தள்ளுறவரு என்னத்தைப் பார்த்துக்க முடியும்?

சாயங்காலம் விழா. தலைமை விருந்தினர் வந்தாரு. வந்தாரா... பேசினாரா... பேசிக்கிட்டே இருந்தாரு. நாமெல்லாம் ஒரே தோட்டத்துப் பூக்களாம். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வாசனையாம். ஒரு பூ வாடினாலும் தோட்டத்துக்கே நஷ்டமாம். முக்கால் மணி நேரம்! அண்ணன் மேடத்துக்கிட்ட ஓடிப்போய், "அந்தப் பொண்ணு ஒண்ணு பாக்கி இருக்கு மேடம், ரெண்டே நிமிஷம்"னு கெஞ்சியிருக்காரு. மேடம் கடிகாரத்தைப் பார்த்தாங்க. "ஹாலை மூடணும்ங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." "அவ அடுத்த வருஷம் இருக்க மாட்டா மேடம்." "அப்ப வேற யாராவது இருப்பாங்கல்ல." அப்படியே சொன்னாங்களாம். எனக்கு இப்பச் சொல்லும்போதுகூட வாயில வண்டை வண்டையா வருது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா... கடைசியில எல்லாரும் சேர்ந்து போட்டோ. அந்தப் பொண்ணோட டிரெஸ் நல்ல கலரு. அதனால அவளைக் கூப்பிட்டு விருந்தினருக்குப் பக்கத்துல, நட்டநடுவுல நிறுத்தினாங்க. பாடத்தான் விடல. பல்லைக் காட்ட விட்டாங்க.

கூட்டம் கலைஞ்சுது. அவ செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, அண்ணன் ரூம் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நின்னா. அழல. "அண்ணா, அம்மாகிட்ட நான் என்ன சொல்ல?"

அண்ணன் குனிஞ்சு போர்டைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அவ திரும்பிப் போயிட்டா.

அண்ணன் ஆத்திரத்தோட மைக்கையெல்லாம் பிடுங்கினாரு. ஒயரைச் சுத்தினாரு. எல்லாத்தையும் பெட்டியில போட்டு மூடினாரு. கேக்குறீங்களா? ஒரு மைக்குகூட மேடையில இல்ல. போர்டுல ஒரு மைக்கு ஒயர்கூடச் சொருகல. ஹால் காலி. சூடான லைட்டுல தூசி கருகுற வாசனை. ஃபேன் நிக்கப்போற சத்தம்... டக்... டக்... டக்.

போர்டை அணைக்கப் போனாரு.

முதல் வரிசையில பச்சை லைட்டு துடிக்குது.

ஏதோ கோளாறுன்னு தட்டிப் பார்த்தாரு. துடிக்குது. ஹெட்போனை எடுத்துக் காதுல வெச்சாரு...

ஒரு ஆம்பளைக் குரல். பாடுது. பாஷை தெரியல. தொடையில தட்டித் தட்டித் தாளம். தப்... தப்... மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. அண்ணன் கண்ணாடி வழியா மேடையைப் பார்த்தாரு. யாரும் இல்ல. பாட்டு முழுசா முடிஞ்சு, சத்தம் நின்னுது.

பயத்துல மனுஷன் என்ன செய்வாரு? பழக்கமானதைத்தான் செய்வாரு. அவர் வாய் தன்னால சொல்லிடுச்சு. "சரி... அடுத்தது."

முதல் லைட்டு அணைஞ்சுது. ரெண்டாவது லைட்டு துடிக்க ஆரம்பிச்சுது.

அதுல ரெண்டு பொண்ணுங்க, ஒரே மூச்சுல ஏதோ விளையாட்டுப் பாட்டு. முடிஞ்சதும் அமைதி. காத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு அமைதி. அண்ணன் வாயைப் பொத்திக்கிட்டாரு. கைக்குள்ளேயே வார்த்தை வந்துடுச்சாம். "அடுத்தது."

மூணாவதுல ஒரு பையன் கதை சொல்றான். அந்தக் குரல் அண்ணனுக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னாடி அவனும் வால்ல நின்னு, நறுக்குப்பட்டவன். செத்துகித்துப் போயிட்டான்னு நினைக்காதீங்க... உயிரோட இருக்கான். அதே ஊர்ல செல்போன் கடை வெச்சிருக்கான். அண்ணன் அங்கதான் ரீசார்ஜ் பண்ணுவாரு. அப்பத்தான் அவருக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒருநாள் கடையில சும்மா பேச்சுக்கு, "தம்பி, அன்னிக்கு உன்னைச் சொல்ல விடலையே, அந்தக் கதையை எங்கிட்டயாவது சொல்லேன்"ன்னு கேட்டிருக்காரு. அவன் சிரிச்சுக்கிட்டே, "எந்தக் கதைண்ணா?" அப்படின்னானாம். அண்ணன் அவன் வெக்கப்படுறான்னு நினைச்சுட்டாரு.

அவன் குரலும் முடிஞ்சுது. அடுத்த லைட்டு. அதுக்கடுத்தது. வரிசையா... அந்த மேடையில பாக்கி விழுந்தவங்க அத்தனை பேரும். அண்ணனால ஹெட்போனைக் கழட்ட முடியல. கை வரமாட்டேங்குது.

கடைசி வரிசை.

முதல்ல குரல் வரல. வாசனைதான் வந்துச்சு. மூடின ரூம்ல... ஈர விறகு எரியற புகை. கண்ணு எரியுது. அப்புறம் தண்ணி ஊத்துற சத்தம்... சலக்... சலக். அதுக்கு மேல, மெதுவா... மத்தியானம் கேட்ட அதே பாட்டு.

அவ குரல்.

அந்தக் கடைத் தம்பிக்கு ஆனது இவளுக்கும் ஆயிடக்கூடாது, பாட்டு முடியறதுக்குள்ள அவளைப் பிடிச்சாகணும்னு தோணிடுச்சு. ஹெட்போன் ஒயரைப் போர்டுலேருந்து இழுத்துப் பிடுங்கிக்கிட்டு எழுந்தாரு. நாற்காலியில முட்டி, படியில தடுக்கி... அந்த ஓட்டம்தான், முதல்ல சொன்ன ஓட்டம். பிடுங்கின ஒயர் எதிலயும் சொருகாம தரையில இழுபடுது. ஆனா கழுத்துல தொங்கற ஹெட்போன்லேருந்து பாட்டு மட்டும் கேட்டுக்கிட்டே வருது. சின்னதா... கொசு மாதிரி.

தூரத்துல ஒரு லைட்டுக்குக் கீழ அவ நடந்து போயிட்டு இருந்தா. கையில செருப்பு. "பாடும்மா! பாடு!"ன்னு இவர் கத்துறாரு. அவ திரும்பினா. அந்த நொடி ஹெட்போன்ல பாட்டு முடிஞ்சுது. மூச்சு இரைக்க இரைக்க இவர் வாயிலேருந்து... வேண்டாம் வேண்டாம்னு நினைச்சுக்கிட்டே...

அந்த வார்த்தையைச் சொல்லிட்டாரு.

"என்னண்ணா ஆச்சு? ஏன் ஓடி வர்றீங்க?"

"அந்தப் பாட்டைப் பாடும்மா. உன் அம்மா பாட்டு. இங்கேயே பாடு, நான் கேக்குறேன்."

அவ புருவத்தைச் சுருக்கினா. "எந்தப் பாட்டு அண்ணா?"

கோபத்துல பேசுறான்னு நினைச்சாரு. கோபம் இல்ல. முகம் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கு. இவர் பதறிப்போய், ரெண்டு தடவை கேட்டதை வெச்சு, வார்த்தை இல்லாம மெட்டை மட்டும் முனகிக் காட்டினாரு. அவ தலையைச் சாய்ச்சுக் கேட்டா. ஆசையாக் கேட்டா. கேட்டுட்டுச் சொன்னா, "நல்லா இருக்கே அண்ணா. உங்க ஊர்ப் பாட்டா?"

அண்ணன் அப்படியே ரோட்டோரமா உட்கார்ந்துட்டாரு.

அப்ப அவ போன் அடிச்சுது. அம்மா. முகம் தெரியற மாதிரி கால். அண்ணனுக்கு உயிர் வந்துச்சு. அம்மாவுக்குத் தெரியுமே, அம்மா பாடுனா இவளுக்கு வந்துடுமே! எட்டிப் பார்த்தாரு. தலையை வாரி, புதுத் துணி போட்டுக்கிட்டு, விளக்குக்கு முன்னாடி ஒரு அம்மா. அவங்க ஏதோ கேக்குறாங்க. திரும்பத் திரும்ப அதையே கேக்குறாங்க. சிரிப்பு மாதிரி ஆரம்பிச்சு, போகப் போகக் குரல் நடுங்குது.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் புரியல அண்ணா... இந்த நடுராத்திரியில நான் ஏன் புதுத் துணி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், உனக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க."

...

அட, கரண்ட் வந்துடுச்சு. அதுக்குன்னு ஆளாளுக்கு எழுந்தா எப்படி? உட்காருங்க! முடிக்காம விட்டா என்ன ஆகும்னு இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஃபேன் சத்தம் கேட்டதும் ஓடுறீங்களே.

மூணாவது மாடி அக்கா, நீங்க இருங்க. எனக்காக ஒண்ணு செய்யுங்க. நேத்து பாதியில விட்ட பாட்டு... இப்ப இங்கேயே முழுசாப் பாடிடுங்க. நாங்க கேக்குறோம். எவ்வளவு நேரம் ஆனாலும் கேக்குறோம்.

ஏன்க்கா முழிக்கிறீங்க?

சார், நீங்க முதல் வரியை எடுத்துக் குடுங்க. ஒரு மாசமா கேட்டுத் தூக்கம் கெட்டவர் நீங்கதானே...

சார். விளையாடாதீங்க சார். "இவளுக்குப் பாட வருமா என்ன"ன்னு எங்ககிட்டயா கேக்குறீங்க?