விலகிப்போன இரண்டு நாடுகள்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல வேலை முடிந்து, சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன். பின் சீட்டில் ஒருவர் சொன்னார்:

“மச்சான், எங்க சங்கத்துல ரெண்டு நாடு விலகிருச்சு.”

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் தொலைத்தொடர்பு அபிவிருத்தி அமைப்பொன்றின் அடையாள அட்டை அவர் கழுத்தில் தொங்கியது. அவர் பக்கத்தில் இருந்தவர் எனக்கு முகம் தெரிந்தவர். மஹய்யாவ மரண உதவிச் சங்கச் செயலாளர்.

“ஏன் விலகுச்சாம்?”

“அதத்தான் வெள்ளிக்கிழமை கூட்டத்துல நான் சொல்லணும். சொல்லலைன்னா என் வேலை போயிரும்.”

“கோல் எடுத்துக் கேட்டியா?”

“ஈமெயில் போட்டேன். பதில் இல்ல.”

“தொலைத்தொடர்பு சங்கம்ங்கிற, ஒரு கோல் எடுக்க மாட்டீங்களா? எங்கள்ல ஒருத்தன் விலகினா நான் வீட்டுக்கே போயிருவேன். ‘நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா பந்தலும் கதிரையும் யாருடா தருவா?’ன்னு கேப்பேன். அன்னைக்கே திரும்பிச் சேந்துருவான்.”

“நாடு சாகாது மச்சான்.”

“அதான் ஒங்க சங்கம் தேயுது.”

நான் இறங்கும்போது அட்டைக்காரர் யாருக்கோ கோல் எடுத்து, ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்னால், எங்கள் தெரு மரண உதவிச் சங்கத்துக்கு கோல் எடுத்து, என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.