பக்கத்தில் இருக்க ஒரு ஆள்

எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கத் தோதான வெளிச்சம் ஒரே இடத்தில்தான் விழும். படுக்கையறை ஜன்னலோரம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடுகிற அளவு இடம். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதலில் இருந்தது அந்த நாற்காலிதான்.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று பார்த்தே தலை நரைத்தவன். அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை, உட்கார்ந்து கதை படிப்பது. ஆனால் ஓய்வு பெற்றவன் கையில் புத்தகத்தைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பொறுக்காது. "சும்மாதானே இருக்கீங்க" என்று ஆரம்பிப்பார்கள். சகலைக்கு மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்க ஆள் வேண்டும். மச்சினன் வீட்டில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் காவல் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அவருடைய நாய்க்குத் துணை வேண்டும்; அந்த நாயும் என்னைச் சும்மா இருக்கிறவனைப் பார்ப்பது போலத்தான் பார்க்கும். ஒரு நாவலில் கதாநாயகன் மாடிப்படியில் ஏறக் காலைத் தூக்கினான். அடுத்த வரிக்கு நான் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. அதுவரை தூக்கிய காலோடு நின்றான். பாவம், வீங்கியிருக்கும்.

என் மனைவி தையற்காரி. அவள் மிஷின் ஓடினால் வீடே ஓடுவது போலிருக்கும். மிஷின் நின்றால் "என்னங்க, நூல் தீர்ந்துடுச்சு" என்பாள். நல்ல மனுஷி. அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தது நிஜமான விபத்து. தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அவள் தூங்குகிற நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன். கை தானாக ஒரு புத்தகத்தை எடுத்தது. அன்றைக்கு அந்தக் கதை இல்லையென்றால் நான் தேறியிருக்க மாட்டேன். அவள் முனகினால் தண்ணீர் கொடுப்பேன், திருப்பிப் படுக்க வைப்பேன், மறுபடி கதைக்குள் போவேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சகலை தன் கட்டணத்தைத் தானே கட்டினார். வாசலோடு நின்று, "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாக இருக்கும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவன் சோம்பேறி. நோயாளி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவன் தியாகி. நாற்காலியும் ஒன்றுதான், புத்தகமும் ஒன்றுதான்.

பிறகு அவள் தேறத் தொடங்கினாள்.

எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அதற்குள் படியேறிவிட வேண்டும் என்று இவள் பிடிவாதமாக இருந்தாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

"அப்பா, பாத்துட்டே இருங்க. அம்மா அடுத்த மாசம் உங்களையே தூக்கிட்டுப் படியேறுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

"அவர எதுக்கு நான் தூக்கணும்? அந்த நாற்காலியோட சேத்துத் தூக்கணும், கனம்" என்றாள் இவள். பிறகு என்னைப் பார்த்து, "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? எனக்குக் கால் வந்தா உங்களுக்குக் கால் போயிடுமா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். இவளிடம், அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னேன். டாக்டர் இரவுக்கு மட்டும் எழுதிய தூக்க மாத்திரையை மத்தியானப் பாலிலும் பொடித்துப் போட்டேன். நோயாளிக்கு ஓய்வு முக்கியம். அப்போது நான் படித்த புத்தகங்கள் போல வாழ்நாளில் படித்ததில்லை.

ஒருநாள் அரைக்கண்ணில் சொன்னாள்: "நீங்க வேகமா பக்கம் திருப்பினா கதை நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். அப்பல்லாம் உங்களக் கூப்பிட மாட்டேன். கதை முடிஞ்சதும் சொல்லுங்க, நான் எழுந்துக்கறேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். போய் ஐந்து பாக நாவல் ஒன்றைக் கொண்டுவந்தேன்.

ஆனால் அவள் வார்த்தையைக் காப்பாற்றவில்லை. நான் மூன்றாம் பாகத்தில் இருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை தைக்கப் போகிறேன் என்று, பாலைக் குடிக்காமலே, ஆஸ்பத்திரியில் நடந்து பழகக் கொடுத்த நாலுகால் வாக்கரைப் பிடித்து எழுந்து மிஷின் வரை போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. அவள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது வாக்கரின் முன்கால் ஒன்றின் அடியிலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றினேன். வெறும் இரும்புக்குழாய் மொசைக் தரையில் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அடுத்த காலும் முறிந்தது. வயசானவங்க எலும்பு அப்படித்தான் என்றார் டாக்டர். ஆபரேஷனைத் தாங்க மாட்டாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தைத்த வரைக்கும் அந்தச் சட்டைக்கு ஒரு கை இருந்தது.

படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இரைந்தது. நான் கடைசிப் பாகத்தில், கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

"என்னங்க" என்றாள்.

"இதோ. ஒரே ஒரு பக்கம்."

"மூச்சு... முட்டுதுங்க."

கேட்டதா என்றுதானே கேட்கிறீர்கள். கேட்டது. அது ஒரு பக்கமும் இல்லை, ஏழெட்டு இருக்கும். முடித்துவிட்டு, சொன்னபடியே அவளிடம் போய், "கதை முடிஞ்சுதும்மா" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் கைக்குழந்தையோடு காரியத்துக்கு வந்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க அந்த ரப்பரைத்தான் புத்தகத்தின் மேல் வைத்திருந்தேன். அடக்கமாக, வழுக்காமல் இருக்கும். அதைக் கையில் எடுத்தாள். மூலையில் நின்ற வாக்கரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தது அவள்தான். அதில் எனக்குக் கோபம் இல்லை.

நான் சொன்னதெல்லாம் உண்மை. கையெழுத்தும் போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு சரியாகத் தேறவில்லை, இரவெல்லாம் காய்ச்சல் என்கிறார்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போகிறவர். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். என்னைக் கண்ணில் காட்டவே கூடாது என்கிறாளாம். அதிர்ச்சியில் பேசுகிறாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அவளுடைய அறையிலும் ஜன்னல் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.