மழையில் நின்ற சிவப்பு வண்டி

சிவப்பு வண்டியை மழையில்தான் படமெடுக்க வேண்டும் சார். வெயிலில் எடுத்தால் பெயின்ட் அப்படியே தட்டையாக, விளம்பரப் பலகை மாதிரி விழும். தார் ரோடு நனைந்திருந்தால் வண்டி கீழேயும் ஒருமுறை தெரியும். எத்தனையோ ரேஸ் தோற்றுக் கற்றுக்கொண்டது இது.

ரேஸில் நான் எப்போதும் கடைசிதான். திருபுவனையில் பாட்டில் மூடி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வில்லியனூர் வந்தால், டிவியில் கேமைப் போட்டு, நல்ல வளைவு ஒன்று வரும்வரை ஓட்டுவேன். பிறகு நிறுத்திவிட்டுப் போட்டோ மோடுக்குள் போய்விடுவேன். ஒரு பட்டனை அழுத்தினால் உலகமே நின்றுவிடும் சார், மழைத்துளிகூட அந்தரத்தில் நிற்கும். வண்டியைச் சுற்றி நாம் நடக்கலாம், சக்கரத்தைத் திருப்பி வைக்கலாம், விளக்குப் போடலாம். ஓட்டுகிற ஆள் வேண்டாம் என்றால் மறைத்துவிடலாம். ஹெல்மெட்டோடு ஒருவன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் படமே கெட்டுப்போகும், அதனால் நான் எப்போதும் மறைத்துவிடுவேன்.

படங்களை எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவேன். "யாரு வண்டி தம்பி? சூப்பரா கீது" என்று சித்திகளும் பெரியம்மாக்களும் கேட்பார்கள். நான் ஒரு பூவோ கும்பிடு கையோ போட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். என் வண்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் அத்தை மகன் உலகநாதன் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே தவறாமல் எழுதுவான்: "கேம்தான மச்சான் இது?" பக்கத்தில் சிரிப்புப் பொம்மை ஒன்று. ஏம்பலத்தில் கரும்பு போடுகிறவன் அவன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான்.

கல்பனாவுக்கு முதலில் என்னைத்தான் பார்த்தார்கள் என்பதை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பெண் வீட்டார் பையனைப் பார்க்க வருவதற்கு முன்னால் அவன் படங்களைப் பார்க்கிற காலம் இது. தரகர் நான் போட்ட படம் ஒன்றை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். பையனிடம் கார் இருக்கிறது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கும் உலகநாதன் அதையேதான் எழுதினான். அது பெண் வீட்டார் காதுக்கும் போய், பேச்சு நின்றுபோனது. ஆறு மாதம் கழித்து அவளை அவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அவனிடம் நிஜமாகவே ஒரு சிவப்பு கார் இருந்தது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பந்தியில் நான்தான் பாயசம் ஊற்றினேன்.

வருத்தம் இல்லை என்பதற்கு அத்தாட்சியே அந்த வண்டிதான். அவர்கள் கல்யாண நாளுக்குக் கொடுக்கலாம் என்று அவனுடைய காரைக் கேமில் அப்படியே செய்தேன். ஜப்பான் கம்பெனி கார் என்பதால் கேமிலும் அதே மாடல் கிடைத்தது. நம்பர் போட்டேன். அவன் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் 'ஏம்பலத்தான்' என்பதைக் கோடும் வட்டமுமாகச் சேர்த்து வரைந்தேன். பாசம் இல்லாமல் இந்த வேலையெல்லாம் ஓடாது சார்.

அப்போதுதான் தனக்கொடியக்கா போனது. அரியூர் ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தவர், மழையில் ரோட்டைத் தாண்டும்போது ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. சிவப்பு கார் என்று யாரோ சொன்னார்கள். ஊர் கொதித்துப்போயிருந்தது. அவர் கையால் சாப்பிடாத ஆள் அந்தப் பக்கம் குறைவு.

மழை, சிவப்பு வண்டி. எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் வந்தது. வண்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. இடது முன்விளக்கு மட்டும் உடைய வேண்டும், அதற்காகக் கேமில் சுவரில் கொண்டுபோய் மோதினேன். ஜப்பான் ஊர் ரோடு ஒன்று இருக்கிறது, அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். பெட்ரோல் பங்க் கேமரா பார்ப்பது போல மேலிருந்து கோணம் வைத்தேன், கொஞ்சம் மங்கலாக்கினேன். ஊர் குரூப்பில் போட்டு, "இந்த வண்டியை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். கேள்வி கேட்பதற்குக் கேஸ் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஷிப்ட் முடிவதற்குள் அது பல கை மாறி என்னிடமே திரும்பி வந்தது. எடுத்தவன் பேர் எங்கேயும் இல்லை.

நான் வந்த பஸ் அரியூரில் கூட்டத்தில் மாட்டியது. இறங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பிய உலகநாதனை மடக்கியிருந்தார்கள். "வண்டில ஒரு கீறல் கூட இல்லபா, நீங்களே பாருங்க" என்று பேனட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். உண்மைதான், விளக்கு முழுசாக இருந்தது. "ராவோட ராவா மாத்திட்டான்டா" என்றான் ஒருவன். படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கல்லை எடுத்து இடது முன்விளக்கை உடைத்தான். அதன்பின் வண்டி படத்தில் இருந்தது போலவே ஆகிவிட்டது.

யாரோ அவன் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்கள். ரத்தம் வழிந்த கண்ணோடு ஒரு நொடிதான் பார்த்தான்.

"டேய், இது கேம் படம்டா. தோ, எம் மச்சான் நிக்கிறான், அவனக் கேளுங்க. மச்சான், சொல்லுடா. வூட்டுல அவ தனியா கீறாடா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கொஞ்சம் அமைதியாகக்கூட ஆனார்கள். "இன்னாபா, கேமா இது?" என்று ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

போனை வாங்கிப் பார்த்தேன். ரோட்டில் விழுந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். என் வேலையிலேயே அதுதான் நல்ல வேலை.

"பாத்தா நெஜமாட்டந்தான் கீது" என்றேன்.

படத்தைப் பற்றிக் கேட்டார்கள், படத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு நடந்ததில் நான் கை வைக்கவில்லை, நீங்கள் வாங்கி வைத்திருக்கிற வீடியோக்களிலேயே அது தெரியும். ஆம்புலன்சுக்குப் போன் போட்டவனே நான்தான்.

தனக்கொடியக்காவை அடித்தது ஒரு வெள்ளை வேன் என்று நீங்கள் கண்டுபிடித்தது உலகநாதன் காரியத்துக்கு முதல் நாள். அன்று சாவு வீட்டில் கல்பனா போனை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஸ்டியரிங் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஓட்டுற ஆளே இல்லியேண்ணா."

ஊரே பார்த்த படம். அதை ஒழுங்காகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். உண்மையைச் சொல்வதானால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"ஆள மறைச்சாதாம்மா வண்டி எடுப்பாத் தெரியும்."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. அவள்தான் எழுந்துபோய் உங்களுக்குப் போன் செய்தாள்.

வருத்தப்படுகிறாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். படுகிறேன் சார், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை நான்தான் செய்தேன், நான்தான் அனுப்பினேன், கேட்டபோது நிஜம் போல இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நான் யார் மேலும் பழி போடவில்லை, அந்த வண்டிக்குள் ஆளே கிடையாது. அத்தனை ஊர் பார்த்த படத்தில் ஒருவரால்கூட அது கேம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உலகநாதனைத் தவிர.