மாடியறைக் கும்பகோணம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து. முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம், "புள்ள பிரசவத்துக்கு வருது. அதுக்குள்ள கும்பகோணத்தக் கழட்டிடுங்க" என்றார். நான் செல்போனை மடியில் வைத்துவிட்டேன்.

"அது கடைசி ஸ்டேஷன். அதப்போயி கழட்டுறதா?"

"கட்டில் எங்க போடுறது? மாடி ரூம் முழுக்கப் பொம்மை ரயிலு."

"பொம்மைன்னு சொல்லாத. துபாய்லேருந்து ஓடாம வந்த இன்ஜின். நான் கழட்டி மாட்டி ஓட வச்சேன்."

"இப்ப ஓடலையே."

"எப்படி ஓடும்? எவனோ தேங்காயெண்ணெய விட்டிருக்கான். மார்கழிக் குளிர்ல பல்சக்கரத்துல உறைஞ்சுபோய் நிக்குது."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தார். பேருந்து பாபநாசத்தில் நின்று கிளம்பியது.

"கீச்சு கீச்சுன்னு கத்துச்சுங்க. அதான் ரெண்டு சொட்டு விட்டேன்."

"ஓட்டுனாத்தானே கத்தும்? நான் கடைக்குப் போனப்புறம் நீ ஓட்டுறியா?"

"தெனமும் இல்ல."

"எதுவரைக்கும்?"

"பாபநாசம் வரைக்கும்தான். அதுக்குள்ள அடுப்புல சோறு பொங்கிடும்."

கணவர் சொன்னார்: "சரி, கும்பகோணத்த மட்டும் கழட்டிடறேன்."