எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்

பயன்படுத்திய ஊசியை மறுபடி மூடியில் செருகக் கூடாது என்று முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். நான் செருகினேன். மயிலாப்பூரில் எங்கள் டயாலிசிஸ் சென்டரில், நோயாளிக்கு ஜோக் சொல்லிக்கொண்டே செருகினேன். ஜோக் மூடியைத் தாண்டிப் போய்விட்டது. ஊசி என் கட்டை விரலோடு நின்றது.

தப்பு என்னுடையதுதான் சார், மறைக்கவில்லை. ஆனால் சில மாதம் கழித்து என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தபோது, மேனேஜர் கனகராஜ் என் மனைவி சிந்துவிடம், "இங்க வந்ததில்லம்மா. வெளிய எங்கெங்க போறானோ" என்றார். அந்த வாரமே அவள் கொட்டிவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கன்னம் வேறு வீங்கியிருந்தது, பாவம். கதவிலும் சுவரிலும் போய் இடித்துக்கொள்ளும் சுபாவம் அவளுக்கு.

மாத்திரையில் நோய் போனது. சிந்து திரும்பவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கனகராஜிடம் போய் நிற்பேன். "ஒரு குத்துல யாருக்குலே வரும்? போ, டீயக் குடி" என்பார். நானும் குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்டரில் நானும் கனகராஜும் மட்டும்தான். பிபி பார்க்கிறேன் என்றதும் அவராகவே நாற்காலியில் சாய்ந்தார். பிபி பட்டை சுற்றிய கையையும் மற்றக் கையையும் நாற்காலியோடு சேர்த்துப் பிளாஸ்டரால் சுற்றிவிட்டேன். எனக்கு இளகிய மனசு சார். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் குத்தினேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நோயாளிகளுக்குச் சொல்வதையே சொன்னேன். பயன்படுத்திய ஊசிகள் போடும் டப்பா பக்கத்தில் இருந்தது. ஒரு குத்தில் வராது என்றவராயிற்றே, ஒன்றோடு எப்படி நிறுத்துவது? டப்பா பாதி காலியானது. கழுத்துப் பக்கம் போனது அவர் தலையை ஆட்டியதால். கத்தினார், ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் வாயில் ஒரு தட்டு. முன்பல் இரண்டு.

பிறகு சிந்துவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒரு குத்துலயும் வரும்மா" என்றார் கனகராஜ், ரத்தத்தோடு. "அவனுக்கு இங்கனதான் வந்துச்சு. அந்த நோயாளிக்கு இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"கேட்டியா சிந்து? இப்பவாவது வர்றியா?"

"அவர இன்னா பண்ணி வச்சிக்கீற?"

"ஒண்ணும் இல்ல. எறும்புக் கடி."



"ஆஸ்பத்திரிலதான் வந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் மகேஷு. வியாதிக்காவா நான் போனேன்? நீ அடிச்சே. அதான் போனேன்."