முன்சீட்டுக் கேப்டன்

பல் டாக்டர்: நீங்க விக்கிற விமானத்தோட இறக்கையில ஒட்டுப் போட்டிருக்கே, கேப்டன்?

கேப்டன்: குண்டு பட்டது, டாக்டர். அந்தக் காலத்துல...

மனைவி: போன மழையில ஏணி சாஞ்சு கிழிஞ்சது. டீ எடுத்துக்குங்க.

கேப்டன்: நீ உள்ள போயேன்... டாக்டர், இது விமானப்படையோட பயிற்சி விமானம். எத்தனை பைலட்டுங்களை உருவாக்கியிருக்கு தெரியுமா!

டாக்டர்: போருக்குப் போயிருக்கா?

கேப்டன்: போனவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. போதாதா?

டாக்டர்: பின்சீட்லயும் ஓட்டற ஸ்டிக் ஒண்ணு இருக்கே?

கேப்டன்: வாத்தியாருக்கு. பையன் முன்னாடி உக்காந்து, தானே ஓட்டற மெதப்புல இருப்பான். பின்னாடி வாத்தியார் பல்லைக் கடிச்சுக்கிட்டு...

டாக்டர்: படையிலேர்ந்து வந்தப்புறம்?

கேப்டன்: ஃப்ளையிங் கிளப். தலைவரே ஓட்டுவார்.

மனைவி: முன்சீட்ல.

கேப்டன்: அப்புறம் ஒரு எஸ்டேட் முதலாளி, மருந்தடிக்க வாங்கினார். அவரும் ஓட்டுவார்.

மனைவி: முன்சீட்ல. மெக்கானிக் பின்சீட்ல.

கேப்டன்: அப்புறம் நான்! ஊரே என்னை கேப்டன்னுதானே கூப்பிடுது.

டாக்டர்: பின்ன ஏன் விக்கிறீங்க?

கேப்டன்: இவளுக்குக் கழுத்து வலி. துணைக்கு வர மாட்டேங்கறா. தனியா பறக்க... போரடிக்குது.

டாக்டர்: எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். வருங்கால மாமனார் வர்றார். நான் ஓட்டறதைக் கண்ணால பாத்தாத்தான் பொண்ணைத் தருவாராம்.

கேப்டன்: அட, நீங்களும் பைலட்டா!

டாக்டர்: ஏதோ... கொஞ்சம். ஏறிப் பாக்கலாமா?

கேப்டன்: தாராளமா! முன்சீட்லயே உக்காருங்க.

டாக்டர்: ஆஹா... ஸ்டிக் எவ்வளவு லேசா அசையுது!

கேப்டன்: என் பராமரிப்பு அப்படி.

மனைவி: டாக்டர்... ஓட்டத் தெரிஞ்சவர்கிட்ட மறைக்கக் கூடாது. அது லேசாத்தான் இருக்கும். எதுலயும் மாட்டல.

கேப்டன்: என்னடி உளர்ற?

மனைவி: முதல் தடவை நீங்க தொட்டப்பவே கொட்டகைக் கூரை போச்சு. மறுநாளே முன்சீட்டு ஸ்டிக்கோட கேபிளைக் கழட்டிட்டேன். அந்த மெக்கானிக்கிட்ட கத்துக்கிட்டு, இத்தனை வருஷமும் பின்சீட்லேர்ந்து ஓட்டினது நான்தான்.

கேப்டன்: அடிப்பாவி! அப்போ அந்தப் புயல்ல நான் இறக்கினது?

மனைவி: கண்ணை மூடிக்கிட்டு நல்லா உக்காந்திருந்தீங்க.

கேப்டன்: அதானா... போன மாசம் நான் தனியா ஏறினப்போ எழும்பவே மாட்டேன்னுச்சு! வண்டிக்கு வயசாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்...

மனைவி: டாக்டர், நீங்க கவலைப்படாதீங்க, கேபிளை இப்பவே மாட்டித் தர்றேன்.

டாக்டர்: ஐயோ, வேணாம்மா! கழண்டே இருக்கட்டும்... கழுத்து வலிக்கு நான் மாத்திரை தர்றேன். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாள்... பின்சீட்ல வந்து உக்காருவீங்களா? வெளிய தெரியாம கொஞ்சம் குனிஞ்சு?